வீட்டு மேசைக்கு ஒரு திரை

அலுவலகத்தில் மானிட்டரை யாரோ தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் அந்தப் பொறுப்பும் செலவும் ஊழியர் தலையில். கடையில் அடுக்கப்படும் எண்களில் எதைக் கேட்பது, எதை விடுவது?

2020 மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் தோன்றினார். அடுத்த நான்கு மணி நேரத்தில் நாடு மூடப்பட்டது. அதையொட்டிய நாள்களில் பெங்களூரிலும் ஹைதராபாதிலும் குர்காவிலும் விசித்திரமான ஓர் ஊர்வலம் நடந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மானிட்டர்களும் வாடகைக் கார்களின் பின் இருக்கையில் ஏறி ஊழியர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த அதிர்ஷ்டம் கிடைக்காதவர்கள் ஒரு லேப்டாப்புடன் டைனிங் டேபிளில் உட்கார்ந்தார்கள். சிலர் கட்டிலில். சிலர் இஸ்திரி போடும் மேசையில்.

ஊரடங்கு போய்விட்டது. பழக்கம் முழுவதும் போகவில்லை. 2020 ஏப்ரலில் டி.சி.எஸ். நிறுவனம், 2025க்குள் எந்த நேரத்திலும் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, கால் சென்டர் போன்ற நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக விதிகளைத் தளர்த்தியது. பிறகு காற்று திசை மாறியது. 2023இல் அதே டி.சி.எஸ். ஊழியர்களை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. இன்று பல நிறுவனங்களில் நிலைமை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் இங்கே. இவர்களைத் தவிர, என்றுமே அலுவலகம் இல்லாத ஒரு கூட்டம் உண்டு: மொழிபெயர்ப்பாளர்கள், கணக்கு எழுதுபவர்கள், பக்க வடிவமைப்பாளர்கள், ஆன்லைன் ஆசிரியர்கள்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு சங்கடம் இருக்கிறது. அலுவலகத்தில் மானிட்டரைத் தேர்ந்தெடுத்தது கொள்முதல் பிரிவு. பிடிக்கவில்லை என்றால் குறை சொல்ல ஓர் ஆள் இருந்தார். வீட்டில் தேர்ந்தெடுப்பதும் பணம் கொடுப்பதும் பிறகு கழுத்து வலியுடன் எலும்பு டாக்டரிடம் போவதும் ஒரே ஆள். ஐரோப்பாவில் 1990ஆம் ஆண்டிலேயே, திரை முன் வேலை செய்பவர்களுக்கான குறைந்தபட்சத் தேவைகளை ஐரோப்பியச் சமூகம் விதியாக வகுத்துவிட்டது. எழுத்து தெளிவாகவும் போதிய அளவிலும் இருக்க வேண்டும், படம் துடிக்கக் கூடாது, திரை எளிதாகத் திரும்பவும் சாயவும் வேண்டும், ஊழியருக்குக் கண் பரிசோதனை வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. அந்தப் பட்டியலில் வண்ணக் கவர்ச்சிக்கோ வேகத்துக்கோ இடமில்லை. இந்தியாவில் தன் பணத்தில் மானிட்டர் வாங்குபவர் மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் அதுதான். காரணம் எளிது. வேலைக்கான மானிட்டர் என்பது படிக்கும் கருவி. நாள் முழுவதும் அதில் ஓடப்போவது எழுத்து.

கழுத்து போடும் கணக்கு

லேப்டாப் இருக்கும்போது இன்னொரு திரை எதற்கு? இந்தக் கேள்வியை வீட்டில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். பதில் லேப்டாப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் விசைப்பலகையும் திரையும் ஒரே கீலில் இணைந்தவை. கை வசதியாக இருக்கும் உயரத்தில் வைத்தால் திரை தாழ்ந்து கழுத்து குனிகிறது. கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்தால் தோள் உயர்ந்து கை வலிக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய வழி கிடையாது. வயது வந்த மனிதரின் தலை சுமார் 4.5 முதல் 5 கிலோ எடை. அதை எட்டு மணி நேரம் முன்பக்கம் தொங்கவிட்டுத் தாங்குவது கழுத்துத் தசைகளின் வேலை ஆகிவிடுகிறது.

தனி மானிட்டர் இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. விதி சுலபமானது. நிமிர்ந்து உட்கார்ந்தால் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். தூரம் ஏறத்தாழ ஒரு கை நீளம். தரையில் சம்மணமிட்டு, பழைய கணக்குப்பிள்ளை மேசை மாதிரியான சிறு மேசையில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே விதிதான். நாற்காலி மாறலாம், கண் மட்டம் என்ற அளவுகோல் மாறாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்துக்காக இரட்டைப் பார்வைக் கண்ணாடியோ பிராக்ரஸிவ் கண்ணாடியோ அணிபவர்கள் கிட்டத்தில் உள்ளதைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறார்கள். திரை உயரமாக இருந்தால் இவர்கள் தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துப் படிக்க வேண்டிவரும். இவர்களுக்குத் திரை இன்னும் சில அங்குலம் தாழ்வாக இருப்பது நல்லது. திரை தூரத்துக்கென்றே ஒரு தனிக் கண்ணாடி எழுதித் தரும்படி கண் மருத்துவரிடம் கேட்பது அதைவிட நல்லது. போகும்போது கண்ணிலிருந்து திரை வரையுள்ள தூரத்தை டேப்பால் அளந்து கொண்டு போக வேண்டும்.

இதனால்தான் மானிட்டரின் காலைத் தலையைப் போலவே கவனிக்க வேண்டியிருக்கிறது. விலை குறைந்த மானிட்டர்களின் ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவை முன்னும் பின்னும் சாயும். மேலும் கீழும் ஏறி இறங்காது. கூடுதலாகச் சில ஆயிரம் கொடுத்தால் உயரம் மாற்றும் ஸ்டாண்டு கிடைக்கும். முடியாது என்றால் திரையின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேசா என்ற பெயரில் இது உலகம் முழுவதும் ஒரே அளவு. துளை இருந்தால் எந்தக் கம்பெனியின் கைத்தாங்கியையும் பின்னால் வாங்கிப் பொருத்தலாம். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு இருக்கவே இருக்கின்றன தடித்த பழைய அகராதிகள். இரண்டை அடுக்கினால் பிரச்சினை தீர்ந்தது.

அங்குலம் ஏமாற்றும்

கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, எத்தனை அங்குலம் என்பது. கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பது. பிக்சல் என்பது திரையின் மிகச் சிறிய ஒளிக் கட்டம். எழுத்து முழுவதும் இந்தக் கட்டங்களால் ஆனது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போலத்தான்: அதே இடத்தில் புள்ளிகளை நெருக்கி வைத்தால் வளைவுகள் நன்றாக வரும்.

முழு எச்.டி. எனப்படும் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 பிக்சல்கள். திரை 24 அங்குலமானாலும் 27 அங்குலமானாலும் 32 அங்குலமானாலும் இதே எண்ணிக்கைதான். எனவே 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல் இருக்கும்; 27 அங்குலத்தில் அது 82 ஆகக் குறைந்துவிடும். அதிகப் பணம் கொடுத்துப் பெரிய திரை வாங்கியவர் மங்கலான எழுத்தை வாங்கி வருகிறார். 27 அங்குலத்தில் 2,560க்கு 1,440 பிக்சல் உள்ள திரை 109 தருகிறது. அதே 27 அங்குலத்தில் 4கே திரை 163 தருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க: 14 அங்குல முழு எச்.டி. லேப்டாப்பில் 157. லேப்டாப்பிலிருந்து பெரிய மானிட்டருக்கு மாறியவர்கள் எழுத்து ஏதோ சரியில்லை என்று உணர்வதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

இதில் எது போதும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சராசரிப் பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்கும். அந்தக் கணக்குப்படி 82 பிக்சல் திரையில் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போக ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். 92க்கு 95 சென்டிமீட்டர். 109க்கு 80. 163க்கு 54. மேசை முன் உட்காருபவரின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரம் பொதுவாக 60 முதல் 70 சென்டிமீட்டர். ஆக, 27 அங்குல 4கே திரை அச்சிட்ட தாளைப் போலத் தெரியும். 1,440 திரை அதற்கு அடுத்த படி. 24 அங்குல முழு எச்.டி. திரை சமாளித்துக்கொள்ளக் கூடியது. 27 அங்குல முழு எச்.டி. திரையை, அது எவ்வளவு வளைந்திருந்தாலும், எழுத்து வேலைக்கு வாங்கக் கூடாது.

வீட்டில் இருக்கும் 32 அங்குல டி.வி.யை மானிட்டராக மாற்றிவிடலாமே என்ற யோசனையும் இந்தக் கணக்கில் அடிபடுகிறது. எச்.டி. ரெடி என்று விற்கப்படும் 32 அங்குல டி.வி.க்களில் வழக்கமாகக் குறுக்கே 1,366 பிக்சல். அங்குலத்துக்கு 49 மட்டுமே. அதன் கட்டங்கள் மறைய வேண்டுமானால் ஆறடிக்குச் சற்றே குறைவான தூரத்தில் உட்கார வேண்டும். சோபாவிலிருந்து கிரிக்கெட் பார்க்க அது அருமையான தூரம். எக்ஸெல் பார்க்க அல்ல.

தாளை வைத்தும் அளந்து பார்க்கலாம். ஒரு ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 சென்டிமீட்டர் உயரம். 24 அங்குல அகலத் திரையின் உயரம் 29.9 சென்டிமீட்டர். அதாவது ஒரு பக்கத்தை அசல் அளவில் வைத்தால் மேலும் கீழும் மெனுக்களுக்கு இடமிருக்காது. 27 அங்குலத் திரையின் உயரம் 33.6, அகலம் 59.8. இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் அகராதிக்கும் இடம் விடலாம். மூலத்தை இடது பக்கமும் தன் மொழிபெயர்ப்பை வலது பக்கமும் வைத்து வேலை செய்பவருக்கு, ஒப்பந்தத்தின் இரு வடிவங்களை ஒப்பிடும் வக்கீலுக்கு, விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு இந்த அளவு பொருந்தும்.

மூன்று சுழி, இரண்டு சுழி

மானிட்டர்களைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் படிப்பவர்கள் ஆங்கிலம் படிப்பவர்களுக்காக எழுதுபவை. 26 எழுத்துகளும் நேர்கோடுகளும் உள்ள மொழிக்கு 92 பிக்சல் போதும் என்று அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ள நாட்டில் அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க முடியாது.

11 புள்ளி அளவில் உள்ள ஒரு எழுத்துக்குச் சாதாரணத் திரையில் கிடைப்பது மேலிருந்து கீழாகச் சுமார் 15 பிக்சல். அதிலும் கொம்புக்கும் மேல் விலங்குக்கும் இடம் போக, உடலுக்கு மிஞ்சுவது பாதிதான். அதற்குள் மூன்று சுழி ‘ண’ தன் சுழிகள் மூன்றையும் காட்டியாக வேண்டும். இரண்டு சுழி ‘ன’ அதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். துணைக்காலும் ‘ர’வும் குழம்பக் கூடாது. மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ பிக்சல். இந்தியில் கூட்டெழுத்துகள், வங்காளத்திலும் மலையாளத்திலும் அடுக்கடுக்கான வளைவுகள் என்று அண்டை மொழிகளுக்கும் இதே நெருக்கடி. மூளை சூழலை வைத்து ஊகித்துப் படித்துவிடும் என்பது சரிதான். மெய்ப்புப் பார்ப்பவரால் ஊகிக்க முடியாது. அவருடைய பிழைப்பே ஊகிக்காமல் படிப்பதில்தான் இருக்கிறது.

எனவே இந்திய மொழியில் எழுதுபவர், படிப்பவர், தட்டச்சு செய்பவர் எல்லோருக்கும் நெருக்கமான பிக்சல் ஆடம்பரமல்ல. பட்ஜெட் அனுமதித்தால் 27 அங்குல 4கே. இல்லையென்றால் 27 அங்குல 1,440. அதுவும் முடியாவிட்டால் 24 அங்குல முழு எச்.டி., எழுத்தை ஒரு படி பெரிதாக்கிக்கொண்டு. ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பிக்சலுக்குள் உள்ள சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்து விளிம்பை மழுக்கும் முறையை 2018இல் அந்த நிறுவனம் கைவிட்டது. விண்டோஸில் அந்த முறை தொடர்கிறது. ஆகவே குறைந்த பிக்சல் திரை விண்டோஸைவிட ஆப்பிளில் இன்னும் சுமாராகத் தெரியும்.

எண்களின் திருவிழா

மானிட்டர் பெட்டியின் மீது அச்சிடப்படும் எண்களில் பாதி விளையாட்டுப் பிரியர்களுக்கானவை. நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸ் கணக்கில் 144, 165, 180 என்று ஏலம் போகிறது. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்களில் 60 ஹெர்ட்ஸ் துடித்துத் தலைவலி தந்தது உண்மை. இன்றைய எல்.சி.டி. திரையில் படம் அப்படி அணைந்து எரிவதில்லை. எழுத்து வேலைக்கு 60 போதும். 75, 100 என்று அதே விலையில் கிடைத்தால் பக்கம் உருளும்போது கொஞ்சம் இதமாக இருக்கும். அதற்காகப் பிக்சல் நெருக்கத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற கான்ட்ராஸ்ட் கணக்கு, திரையின் விளக்கையே மங்கவைத்தும் பிரகாசமாக்கியும் எடுக்கப்படும் கணக்கு. சாதாரண ஐ.பி.எஸ். திரையின் நிஜமான விகிதம் ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டியது. அது தாராளமாகப் போதும். 250 நிட்ஸ் பிரகாசமுள்ள திரையில் எச்.டி.ஆர். என்று ஒட்டப்படும் முத்திரைக்கு அர்த்தம் அதிகமில்லை.

திரையின் ரகத்தை மட்டும் கேட்டே ஆக வேண்டும். டி.என். என்ற பழைய ரகத்தில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் நிறம் மாறும். வி.ஏ. ரகத்தில் கறுப்பு ஆழமாக இருக்கும். இருண்ட பின்னணியில் எழுத்து உருளும்போது நிழல் இழுபடும். 1990களின் நடுவில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த ஐ.பி.எஸ். ரகம் எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரிவதால் படிப்பதற்கு ஏற்றது. விலை உயர்ந்த ஓலெட் திரைகளில் படம் அற்புதம். ஆனால் பலவற்றில் பிக்சலின் உள்ளமைப்பு வேறு என்பதால் எழுத்தின் ஓரத்தில் வண்ணக் கசிவு தெரியலாம். நாள் முழுவதும் நகராத மெனுப் பட்டைகள் திரையில் தழும்பாகப் படியும் ஆபத்தும் உண்டு.

அடுத்தது நீல ஒளி பயம். 1990களில் மானிட்டர் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடித் தடுப்பு தொங்கவிடாத அலுவலகம் குறைவு. இன்று அந்த இடத்தை நீல ஒளி தடுக்கும் மூக்குக் கண்ணாடி பிடித்திருக்கிறது. கம்ப்யூட்டர் திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை, அதற்கெனத் தனிக் கண்ணாடி தேவையில்லை என்பது அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியின் நிலை. 17 சோதனைகளை அலசி 2023இல் வெளியான காக்ரேன் ஆய்வும், அந்தக் கண்ணாடிகள் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. கண் எரிவதற்கு முக்கியக் காரணம் திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

வயரும் வரியும்

நல்ல திரையை வாங்கிக் கெட்ட வயரில் மாட்டுவது இன்னொரு ரகத் துயரம். பழைய லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. 1.4 துளை இருந்தால் 4கே திரையில் நொடிக்கு 30 படங்கள்தான் ஓடும். மவுஸின் அம்பு தள்ளாடும். 2.0 இருந்தால் 60. யு.எஸ்.பி. சி வழியாக இணைக்கும் மானிட்டர் ஒரே வயரில் படத்தையும் வாங்கி லேப்டாப்புக்குச் சார்ஜும் தரும். சிறிய மேசைக்கு இது வரப்பிரசாதம். ஆனால் எல்லா யு.எஸ்.பி. சி துளைகளும் படத்தைக் கடத்துவதில்லை. லேப்டாப்பின் குறிப்பேட்டில் டிஸ்ப்ளே போர்ட் அல்லது தண்டர்போல்ட் வசதி உண்டா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும். 65 வாட் தருமா என்பதையும். 2020இல் வந்த எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் அதிகாரபூர்வமாக ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஏற்கும். இரண்டு வாங்கி வந்தால் ஒன்று சும்மா இருக்கும்.

விலையில் அங்குலம் ஒரு காலத்தில் வரியையும் தீர்மானித்தது. 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரை 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 28 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைக்கும் 18தான். சுமாராகச் சொன்னால், ஐ.பி.எஸ். ரகத்தில் 24 அங்குல முழு எச்.டி. 7,000 முதல் 10,000 ரூபாய். 27 அங்குல 1,440 திரை 15,000 முதல் 20,000 வரை. 27 அங்குல 4கே 20,000க்கு மேல் தொடங்கும். தீபாவளி, தசரா தள்ளுபடிகளில் ஒரு படி குறையலாம். பெட்டியிலோ முதுகிலோ இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு முத்திரையும் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். இல்லாத சரக்கைத் தொடாமல் இருப்பது நல்லது.

அலுவலகம் செலவைத் திருப்பித் தருமா என்று மனிதவளத் துறையை வாய்விட்டுக் கேட்பதில் தவறில்லை. சில இடங்களில் அலுவலகத்திலேயே தூசு படிந்து கிடக்கும் மானிட்டரைக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகவும் அனுமதி கிடைக்கும்.

பழைய திரைக்கும் மதிப்புண்டு

டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய கம்ப்யூட்டர் சந்தைகளில் நிறுவனங்கள் கழித்துக் கட்டிய மானிட்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. இதில் விஷயம் தெரிந்தவர்கள் தேடுவது 24 அங்குலத்தில் 1,920க்கு 1,200 பிக்சல் உள்ள அலுவலக ரகத்தை. அகலம் சற்றுக் குறைந்து, உயரம் 32 சென்டிமீட்டரைத் தாண்டும்; ஏ4 பக்கத்துக்கு மெனு வைக்க இடமும் கிடைக்கும். நிறுவனங்கள் வாங்கிய ரகம் என்பதால் உயரம் மாற்றும், செங்குத்தாகத் திருப்பும் ஸ்டாண்டு பலவற்றில் உண்டு. புதிய திரையின் விலையில் ஒரு பகுதிதான்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது என்பதும் உண்மை. பல ஆண்டு எரிந்த விளக்கு மஞ்சளித்திருக்கும். மிகப் பழைய திரைகளின் உள்ளே பாதரசம் கலந்த குழல் விளக்கு இருக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். முழு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து நான்கு மூலைகளும் ஒரே வெளிச்சமா என்று பார்த்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, பில்லுடன் வாங்குவதே முறை. வாரன்டி பெரும்பாலும் வாய்ச்சொல்தான். புதிய திரைக்கு மூன்று ஆண்டு வாரன்டி தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. தொகை பெரிதாக இருந்தால் அதுவே நிம்மதி.

வீட்டுக்கு வந்த பின்

பெட்டியைப் பிரிப்பதை மொபைலில் படம் பிடித்து வைப்பது ஆன்லைனில் வாங்குபவருக்குக் காப்பு. திரையை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுக்க நிரப்பிப் பார்த்தால் செத்துப்போன பிக்சல் தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் குறையாகவே பல நிறுவனங்களின் வாரன்டி கருதாது. எனவே கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள்களுக்குள்ளேயே சோதித்துவிட வேண்டும். ஆங்கிலம் படிப்பவருக்கு அது தூசு மாதிரி. தமிழ் படிப்பவருக்குத் தவறான இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு ‘க’வை ‘க்’ ஆக்கிவிடும்.

அடுத்து எழுத்துச் சோதனை. ஞாயிறு, ஔவை, கண்ணன், மன்னன், நண்டு, நன்றி என்று நான்கு வரி தட்டி, 11 அளவில் வைத்து, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து படிக்க வேண்டும். முகத்தை முன்னால் நீட்டினால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் அல்லது திரையை மாற்ற வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். கம்ப்யூட்டர் திரையின் இயல்பான பிக்சல் எண்ணிக்கையில் இயங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. வழியாக இணைக்கும்போது சில திரைகள் தங்களை டி.வி. என்று நினைத்துக்கொள்ளும், மெனுவில் பி.சி. என்று மாற்றினால் எழுத்து தெளியும். விண்டோஸில் கிளியர்டைப் சரிசெய்யும் வசதி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

புதிய மானிட்டர்கள் பல, கடை வெளிச்சத்துக்கு ஏற்ற கண்கூசும் பிரகாசத்துடன் வருகின்றன. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை குறைக்க வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதன் வெளிச்சம் திரையில் விழும். திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பதே சரி. பளபளப்பான திரையைவிட மங்கல் பூச்சுள்ள திரை இந்திய வீடுகளின் டியூப் லைட்டைத் தாங்கும். மின்சாரம் பற்றிக் கவலை வேண்டாம்: 24 அங்குல எல்.இ.டி. மானிட்டர் சுமார் 20 வாட்தான் இழுக்கும். லேப்டாப்போடு சேர்த்து வீட்டு இன்வெர்ட்டர் மணிக்கணக்கில் தாங்கும்.

கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரப் படங்களில் பவழப் பாறை மீன்கள் நீந்துகின்றன, பஞ்சவர்ணக் கிளிகள் பறக்கின்றன. எந்தத் திரையிலும் அவை அழகாகத்தான் இருக்கும், அதற்காகவே எடுக்கப்பட்டவை. திங்கட்கிழமை காலை அந்தத் திரையில் மீன் வரப்போவதில்லை. வரப்போவது நாற்பது பக்க அறிக்கை. ஆகவே விற்பனையாளரிடம் கிளியை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் எழுத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். முடிந்தால் தமிழில்.